இரண்டு கையாலும் வாங்கிய ரிவோல்வர்

1

ஊரில் இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு என்மேல் வருத்தப்படக் கூடாது. அக்கரப்பத்தனைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமைத்துப் போடும் அப்புவாக இருந்த சவரிமுத்துவின் மகள் பிலோமினா இப்போது இடுப்பில் ரிவோல்வர் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். உங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து தானும் அழுத அதே பிலோமினாதான். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

நான் ஊரைவிட்டுப் புறப்பட்டு இந்த ஆகஸ்டோடு ஒன்பது வருடம். முதல் மூன்று வருடம் நான் மட்டும் சவூதியில் ஆஸ்பத்திரி வேலை. பிறகு குடும்பத்தோடு இங்கே, அமெரிக்காவின் தெற்குப் பக்கம், ஜோர்ஜியா மாநிலத்தின் மலைமூலை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊருக்கு நீளமாக எதையாவது எழுதி அனுப்புவது என் வழக்கம். ஒரு வருடம் கார் ஓட்டப் பழகிய கூத்து, ஒரு வருடம் மகள் ஜெசிந்தாவின் பள்ளிக்கூடம். இந்த வருடம் துப்பாக்கி, நம் ஊர்ப் பேச்சில் துவக்கு.

இங்கேயும் மலைதான். காலையில் மூடுபனி இறங்கினால் ஒரு நிமிடம் கந்தப்பளைப் பக்கம் பஸ்ஸில் போவதாகவே தோன்றும். பனி விலகினால் தேயிலைக்குப் பதில் பைன் மரம் நிற்கும், அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரும். ஹட்டனில் ஆசிரியராக இருந்த என் கணவர் அந்தோனி கம்பள ஆலையில் நூல் கண்டு மாற்றுகிறார். நான் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் தாதி. மலைப் பாதைகளில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு வீடு போவேன்.

2

அந்த வீடுகளில் கடைசி வீடு ஹாஸ்கல் என்பவருடையது. எழுபத்து நான்கு வயது, மரம் வெட்டிப் பிழைத்தவர், தனிக்கட்டை. சீனி வியாதியால் இடது காலில் ஆறாத புண். வாரத்துக்கு இரண்டு தடவை நான் போய்க் கழுவிக் கட்ட வேண்டும். அவர் வீட்டுக்குப் போகும் பாதையில் கடைசி மூன்று மைலுக்கு வேறு வீடு கிடையாது.

பெப்ரவரி மாதம் ஒரு மத்தியானம் அந்தப் பாதையில் ஒருவன் தன் டிரக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். ஏதோ பழுதாக்கும் என்று நான் கண்ணாடியை இறக்கினேன். அவன் கையில் துவக்கு இருந்தது. பையைக் கேட்டான். தாதியின் பையில் போதை மருந்து இருக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தேன். திறந்து பார்த்தான். உள்ளே பஞ்சு, துணிக்கட்டு, உப்புத் தண்ணீர்ப் போத்தல் இவ்வளவுதான். கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் பையைப் பாதையோரக் கானுக்குள் எறிந்தான். பிறகு துவக்கின் வாயை என் நெற்றிக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்தபடி யோசித்தான். அவன் என்ன யோசித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொலிசார் எழுதிக்கொண்டார்கள், ஆள் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு என்னால் அந்தப் பாதையில் ஏற முடியவில்லை. இரண்டு தடவை முயன்றேன். தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிடும். வேறு தாதிகளும் மாட்டோம் என்றார்கள். ஒரு பக்கத்து ஊர்க்காரர் வாரத்துக்கு ஒரு நாள் ஹாஸ்கலைத் தன் வண்டியில் கீழே ஏற்றி வந்தார். வாரம் ஒரு தடவை போதாது, புண் பெருத்தது.

என் மேற்பார்வையாளர் ஒளிவுமறைவு இல்லாத பெண். "மே மாசம் முடியிறவரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள யாராவது மேல போகலன்னா அவரப் பராமரிப்பு இல்லத்துல சேத்துடுவோம். அங்க போனா காலையும் எடுத்துடுவாங்க, அவரு வீட்டுக்குத் திரும்பவும் மாட்டாரு. நீங்க போக முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, நான் தப்பா நெனக்க மாட்டேன்" என்றார்.

பதிலுக்கு நான் துவக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒங்க கோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்குறதில்ல" என்றார்.

வீட்டில் அந்தோனி கேட்டது ஒரே கேள்விதான். "பிலோமி, இதெல்லாம் நமக்கு ஒத்து வருமா?"

"ஒத்து வராதுங்க. ஆனா அந்தக் கெழவருக்கு வேற யாரு இருக்கா?"

அவர் அதற்குமேல் பேசவில்லை. ஆசிரியராக இருந்தவர் பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டேன்.

3

ரிவோல்வர் என்றதும் எனக்கு நினைவு வருவது அப்பாவின் கைகள்தான்.

சனிக்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் கலைந்த பிறகு துரை பங்களா விறாந்தையில் வந்து உட்காருவார். நான் சொல்வது வெள்ளைக்காரத் துரையின் காலம். ஒரு கையில் பத்திரிகை. மறு கையால் மேசை லாச்சியை இழுத்து ரிவோல்வரை எடுத்து, தோட்டாக்களை உதறி வைத்துவிட்டு, அப்படியே நீட்டுவார். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அப்பா தலையைக் கொஞ்சம் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்குவார். தான் சமைக்கும் குசினியின் படியில் உட்கார்ந்து பழைய வேட்டித் துணியாலும் தையல் மெஷின் எண்ணெயாலும் துடைப்பார். பங்களாவுக்கு விறகு கொண்டுபோகும் சாக்கில் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். துடைத்து முடிந்ததும் அதே இரண்டு கையால் திருப்பிக் கொடுப்பார். வெள்ளைத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்தார். சனிக்கிழமையும் மாறவில்லை, அப்பாவின் கைகளும் மாறவில்லை.

எழுபத்தேழு ஆகஸ்ட் கலவரத்தில் நடந்ததை நான் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடுகள் எரிகின்றன என்று மத்தியானம் செய்தி வந்தது. ஜெசிந்தா அப்போது ஆறு மாதக் குழந்தை. பிரசவத்துக்கு வந்தவள் அம்மா வீட்டிலேயே இருந்தேன். அந்தோனி ஹட்டனில் மாட்டிக்கொண்டார். லயத்துச் சனம் எல்லோரும் மேலே ஆறாம் நம்பர் மலைக்கு ஓடித் தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டோம். குழந்தை அழாமல் இருக்க அவள் வாயில் என் விரலை வைத்திருந்தேன். துரை குடும்பத்தோடு ஜீப்பில் ஹட்டனுக்குப் போய்விட்டார்.

அப்பா எங்களோடு வரவில்லை. பங்களாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். இருட்டுவதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது, கொளுத்த வந்தவர்கள் தேயிலை ஸ்டோர்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள், நாங்கள் தப்பினோம். அடுத்த நாள் அப்பா நனைந்த கோட்டோடு லயத்துக்கு வந்து "எல்லாரும் சொகந்தானே?" என்று கேட்டார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மகளையும் பேத்தியையும் செடிக்கு அடியில் விட்டுவிட்டுத் துரையின் சோபாவுக்கும் சீனக் கோப்பைக்கும் காவல் இருந்த மனிதர் என்று மனதில் எழுதிவைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடம் நான் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா" மட்டும்தான்.

துவக்கு வாங்கப் போகிறேன் என்று மார்ச் மாதம் அவருக்கு எழுதியதிலும் ஒரு குத்தல் இருந்தது. என்னை நானேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் அப்பா, எப்போதும் அப்படித்தான் என்று எழுதினேன். இப்போது அந்த வரியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4

டாட்டி என்ற பெண்ணின் கடையில் ஒரு பக்கம் தூண்டிலும் மண்புழுவும், மறு பக்கம் துவக்கும் தோட்டாவும் விற்பார்கள். டாட்டிக்கு என் வயதுதான் இருக்கும். கை என் கையைவிடச் சின்னது. நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு அவள் உடனே எதையும் எடுத்துக் காட்டவில்லை. காரில் எவ்வளவு நேரம் உட்காருவாய், குனிந்து வேலை செய்வாயா, கோட்டு எவ்வளவு நீளம் என்று ஒரு தையற்காரியின் கேள்விகளாகவே கேட்டாள். அதன் பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துத் துணியின்மேல் வைத்தாள்.

ஒன்றைத் தூக்கி, தோட்டா போடும் உருளையைத் திறந்து காலி என்று பார்த்து, எனக்கும் காட்டி, மூடி, பிடியை முன்னால் விட்டு என்னிடம் நீட்டினாள். நான் தலையைக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தி வாங்கினேன்.

டாட்டி கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து எட்டினாள். பிறகு ஒரு விரலால் குழலை மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளினாள்.

"கண்ணு, இப்ப நீ யாரச் சுடப் போற?"

குனிந்து பார்த்தேன். குழலின் வாய் என் சொந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பெருவிரல் விசைக்குப் பக்கத்தில் கிடந்தது.

எங்கள் ஊரில் கொடுக்கிறவர்களிடமிருந்து இரண்டு கையாலும் வாங்குவதுதான் மரியாதை என்று சொன்னேன். "நான் பாதிரியாரும் இல்ல, இது நற்கருணையும் இல்ல" என்றாள் டாட்டி. "ஒத்தக் கையால வாங்கு. விரல நீட்டி வெளியில வை. வாய் யாருமே இல்லாத பக்கமா இருக்கட்டும். நான் தொறந்து காட்டினாலும் நீயும் ஒருக்கா தொறந்து பாரு."

"நீங்கதான் பாத்தீங்களே. திரும்பப் பாத்தா ஒங்கள நம்பலன்னு ஆகாதா?"

"நம்பாம இருக்கிறதுதான் இங்க மரியாத."

ஒருவர் பார்த்துக் கொடுத்ததை அவர் முகத்துக்கு முன்னாலேயே திரும்பப் பார்ப்பது எங்கள் தோட்டத்தில் சண்டைக்கு இழுப்பது. இங்கே அது ஒழுங்கு. உருளையைத் திறந்து அந்த ஆறு ஓட்டைகளிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று நானே பார்த்தேன். அப்பா எத்தனை சனிக்கிழமை அதைத் தன் வயிற்றுக்கு நேரே ஏந்தி வாங்கியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

இனி அந்த மூன்றைப் பற்றி. முதலாவது இரண்டு அங்குலக் குழல், ஐந்து தோட்டா, மிக லேசு. இடுப்பில் இருப்பதே தெரியாது. எனக்கு அதுதான் பிடித்தது. டாட்டி தலையாட்டினாள். லேசான துவக்கு சுடும்போது கையை உதைக்கும், கை வலித்தால் பழக மாட்டாய், பழகாவிட்டால் அதை வைத்திருந்து பிரயோசனம் இல்லை என்றாள். மற்ற இரண்டும் முன்னூற்றைம்பத்தேழு மேக்னம். அந்த ரகத்தில் ஒரு வசதி இருக்கிறது. பலமான மேக்னம் தோட்டாவும் போடலாம், அதைவிட மென்மையான முப்பத்தெட்டுத் தோட்டாவும் போடலாம். மென்மையானதை வைத்து மைதானத்தில் நிறையச் சுட்டுப் பழகலாம். இரும்புடம்பு கனமாக இருப்பதால் உதையை அதுவே வாங்கிக்கொள்ளும்.

அவற்றில் ஒன்றின் குழல் நான்கு அங்குலம், மற்றது மூன்று. நான்கு குறி பார்க்க நல்லது, ஆனால் கார் ஆசனத்தில் உட்கார்ந்தால் விலாவில் இடித்தது. மூன்று அங்குலம் இடிக்கவில்லை. சுட்ட பிறகு மிஞ்சும் வெறும் கோதுகளையும் ஒரே தள்ளில் முழுதாக வெளியே தள்ளியது. மரப்பிடி என் கைக்குத் தடிப்பு, விசைக்கு விரல் எட்டவில்லை. டாட்டி அதைக் கழற்றி மெல்லிய ரப்பர்ப் பிடி போட்டுத் தந்தாள், விரலின் முதல் கணு சரியாக விசையில் உட்கார்ந்தது. மலைநாட்டு ஈரத்துக்கும் வியர்வைக்கும் துருப்பிடிக்காத இரும்பு. கைப்பையில் போடவே கூடாது, பேனாவும் சாவியும் விசையில் மாட்டும் என்று இடுப்பு உறை ஒன்றும் எடுத்து வைத்தாள்.

அன்றே வாங்கிவிடவில்லை. முதலில் மைதானத்தில் நான்கு வாரம் கடைத் துவக்கால் சுடு, பிறகு பேசுவோம் என்றாள். விற்கிறவளே தடுப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

5

உடம்பில் வைத்துக்கொண்டு போக மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். அங்கேயிருந்த எழுதுவினைஞர் வயதான, பொறுமையான மனிதர். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய நம்பர்வரை எழுதிக் கொடுத்தேன். "இது ஊரா?" என்று கேட்டார். ஊர் மாதிரி என்றேன். பிரஜாவுரிமை என்ற கட்டத்தில் பேனா நின்றது. நான் பிறந்தபோது தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லை, எனக்கு ஒரு நாடும் இல்லை. பதினேழு வயதில் அப்பாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்து இலங்கைப் பிரஜை ஆனேன். போன வருடம் இந்த நாட்டுப் பிரஜை. கட்டம் ஒன்றுதான் இருந்தது, கடைசியை மட்டும் எழுதினேன்.

பிறகு அவர் வாய்மொழியாகக் கேட்டார். "எப்பவாவது பிரச்சினையில மாட்டியிருக்கீங்களா?"

"ஆமாங்க. எழுபத்தேழு ஆகஸ்டுல."

அவர் பேனாவை வைத்துவிட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கடைசியில், "அம்மா, நான் கேட்டது நீங்க செஞ்ச குத்தத்தப் பத்தி. ஒங்களுக்கு மத்தவங்க செஞ்சத எழுத இந்தப் படிவத்துல எடமில்ல" என்றார். கைவிரல் பத்தையும் மையில் உருட்டிப் பதிந்துவிட்டு, துடைக்கத் துணி தந்தார்.

6

மைதானத்தில் நான் சுட்டதைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. எல்லாத் தோட்டாவும் இடப்பக்கம் கீழே போனது. டாட்டி எனக்குத் தெரியாமல் உருளையில் இரண்டு அறைக்கு வெறும் கோது போட்டுக் கொடுத்தாள். வெறும் கோது வந்த இடத்தில் சத்தமே இல்லை, ஆனாலும் என் கை துள்ளிக் குழல் கீழே குத்தியது. துவக்கு உதைக்கவில்லை, நான்தான் முன்கூட்டியே பயந்து உதறுகிறேன் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அதோடு கண்ணையும் மூடிக்கொள்கிறேனாம். மேக்னம் தோட்டா ஒன்றே ஒன்று போட்டுப் பார்த்தேன். குட்டைக் குழலின் வாயில் ஒரு முழ நெருப்பு வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பெயர்தான் மேக்னம், நான் வைத்துக்கொள்ளப்போவது முப்பத்தெட்டுத் தோட்டாதான். கட்டுப்படுத்த முடிந்ததுதான் உன் பலம் என்றாள் டாட்டி.

ஒன்றில் மட்டும் அவள் என்னைப் பார்த்து அசந்தாள். முப்பத்தெட்டுத் தோட்டா நீளம் குறைவு, அதனால் அறைக்குள்ளே ஒரு வளையம்போல் கரி படியும். அதைப் பழைய பல் தூரிகையாலும் துணித் திரியாலும் எண்ணெயாலும் நான் துடைத்துக் கொடுத்த விதத்தைப் பார்த்து, "எங்க கத்துக்கிட்ட?" என்றாள். "குசினிப் படியில" என்றேன்.

நான்கு வாரம் முடிந்து அந்த மூன்று அங்குலத்தையே வாங்கி வந்தேன். வீட்டில் எதிர்ப்பு வந்தது ஜெசிந்தாவிடமிருந்து. பதினொரு வயது. ஊரைவிட்டு வந்தபோது ஐந்து வயதில் வாய் ஓயாமல் தமிழ் பேசியவள், இப்போது "அம்மா" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் இந்த மலைக்காரர்களின் இழுவை ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன், அவள் அதில் பதில் சொல்வாள். ஆனால் துவக்கைப் பற்றி எங்கள் இருவரையும்விட அவளுக்குத்தான் தெரியும். இங்கே பள்ளிக்கூடத்திலேயே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்கள். நான் துவக்குப் பெட்டியையும் தோட்டாவையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தம் எங்கள் பழைய கங்காணியும் போட்டதில்லை.

தோட்டா வேறு பெட்டி, துவக்கு வேறு பெட்டி, இரண்டுக்கும் பூட்டு என்று ஏற்பாடு செய்தது அவள்தான். மூடியின் உள்பக்கத்தில் விதிகளை எழுதி ஒட்ட வேண்டும் என்றாள். "எழுது, ஆனா தமிழ்ல எழுது. நான் பதட்டத்துல இருந்தா எனக்குத் தமிழ்தான் வாசிக்க வரும்" என்றேன். பொய்தான். அந்தோனி பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

அவள் தகப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். "எல்லா துவக்கும் குன்டு போட்ட துவக்கு." அப்படி நினைத்துத்தான் எதையும் தொட வேண்டும் என்பது முதல் விதியாம். மூன்று சுழி ண-வை விட்டுவிட்டாள். அந்தோனி சிவப்பு மை எடுக்கப் போனார், நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். ஆறு வருடத்தில் அவள் தானாக எழுதிய முதல் தமிழ் வரி அது. துவக்கு வேண்டாம் என்றிருந்த அந்தோனி அந்தத் தாளைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் தானே ஒட்டித் தந்தார்.

7

அனுமதி அட்டையும் வந்துவிட்டது. துவக்கும் இருக்கிறது. மே மாதம் பிறந்துவிட்டது. ஆனாலும் மண் பாதை தொடங்கும் இடத்தில் கால் பிரேக்குக்குத்தான் போனது. மைதானத்தில் கை துள்ளுவதும் நிற்கவில்லை. துவக்கு வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். பயம் போகவில்லை, துவக்கோடு சேர்ந்து காரில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம்தான் அப்பாவின் கடிதம் வந்தது. நாட்டில் நடக்கும் குழப்பத்தில் பதில் வந்து சேர ஏழு வாரம் எடுத்திருக்கிறது. அதை அவர் எழுதியபடியே தருகிறேன்.

"அன்புள்ள மகள் பிலோமிக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சொகம். நீ துவக்கு வாங்கப் போறன்னு வாசிச்சதும் அம்மா அழுகுது. நான் அழுகல. ஒனக்கு ஒரு விசயம் சொல்லணும். அந்த வருசம் தொர ஹட்டனுக்குப் போகயில ரிவோல்வர எங்கையில குடுத்து பங்களாவப் பாத்துக்கன்னாரு. நான் பங்களாவுல இருக்கல. பூட்டிட்டு, அதக் கோட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எறங்கி வந்து, நீங்க படுத்திருந்த ஆறாம் நம்பர் மலைக்குக் கீழ ரோடு வளையிற மொடக்குல நின்னேன். அந்தப் பக்கமாத்தான் அவங்க வரணும். ஸ்டோர் வரைக்கும் வந்தாங்க. மழ புடிச்சிக்கிச்சு, போயிட்டாங்க. வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. இருவது வருசம் தொடச்சேன். எப்புடி சுடுறதுன்னு ஒருத்தரும் காட்டல, நானும் கேக்கல. கையில வச்சிக்கிட்டு நடுங்கிக்கிட்டு நின்னதுதான். அதச் சொல்ல வெக்கமா இருந்திச்சு. நீ எங்கூட மொகம் குடுத்துப் பேசாததும் தெரியும். அப்பவும் வாய் வரல. நீ வாங்குறதுன்னா நல்லா படிச்சிக்கிட்டு வாங்கு. தெரியாத ஒண்ணக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறது பொல்லாத பயம். அத வேல முடிஞ்சதும் தொடச்சி வை. மழ நாள்ல துரு ஏறும்."

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பதினொரு வருடம் நான் கோபித்துக்கொண்டிருந்த மனிதர், சுடத் தெரியாத ஒரு துவக்கோடு மழையில் எனக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறார். ஓவென்று அழுதேன். யாரோ வந்து கண்ணாடியைத் தட்டி எல்லாம் சரிதானா என்று கேட்டார்கள். சரிதான் என்றேன், உண்மையாகவே.

அடுத்த நாள் மைதானத்தில் டாட்டி வழக்கம்போல் வெறும் கோதும் கலந்துதான் போட்டாள். அது வந்த இடத்தில் குழல் ஆடாமல் நின்றது. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். "யாரு வந்து என்ன சொன்னாங்க ஒனக்கு?" என்று கேட்டாள். எங்கள் அப்பா என்றேன்.

8

மே மாதத்தின் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை, மண் பாதையில் ஏறினேன். கால் பிரேக்கைத் தேடியது. தேடட்டும் என்று விட்டுவிட்டு அக்சிலேட்டரை மிதித்தேன். டிரக் நின்ற இடம் வந்தது. அங்கே ஒரு மான் மட்டும் நின்று என்னைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது. மூன்று மைலும் முடிந்தது.

ஹாஸ்கல் வீட்டு முகப்பில், காலைப் பெட்டி ஒன்றின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மலைக்காரரின் கண், கோட்டின் மடிப்பைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டது. "என்ன வச்சிருக்கீங்க? பாக்கலாமா?"

ஆள் இல்லாத காட்டுப் பக்கமாகத் திரும்பி, அதை வெளியே எடுத்து, உருளையைத் திறந்தேன். ஆறு தோட்டாவையும் என் உள்ளங்கையில் தள்ளிக் கோட்டுப் பையில் போட்டேன். ஓட்டைகளில் வெளிச்சம் பார்த்தேன், அவருக்கும் காட்டினேன். உருளையை மூடாமல், பிடி அவர் பக்கமாக, ஒற்றைக் கையால் நீட்டினேன். குனியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவருக்குக் கை நடுங்கும். வயதின் நடுக்கம். அதனால் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, தலையைக் குனிந்து, ஏந்தி வாங்கிக்கொண்டார்.

காரணம் நடுக்கம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எனக்கு மரியாதை செய்யவில்லை. ஆனாலும் நீங்களே பாருங்கள். வெள்ளைக்காரர் ஒருவர் முன்னால் நின்று சவரிமுத்துவின் மகள் ஒற்றைக் கையால் நீட்டுகிறாள், அவர் இரண்டு கையால் வாங்குகிறார். அங்கே பத்திரிகை இல்லை. இருவரும் ஒரே வெறும் உருளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு அங்குலம்" என்றார். "நல்லாத்தான் பாத்து எடுத்திருக்கீங்க. சுத்தமாவும் இருக்கு."

"தொடச்சி வைக்கச் சொல்லி வீட்டுல உத்தரவு" என்றேன்.

அதைத் திரும்ப வாங்கி, திரும்பவும் ஓட்டைகளைப் பார்த்து, தோட்டா போட்டு இடுப்பில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். புண் மோசமாகத்தான் இருந்தது. அன்று முதல் வாரத்துக்கு இரண்டு தடவை போகிறேன். இப்போது ஆகஸ்ட். புண் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கி, ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை ஏறியிருக்கிறது. கால் பிழைத்துக்கொள்ளும். ரிவோல்வரை இதுவரை மைதானத்துக்கு வெளியே எடுத்தது அந்த ஒரு தடவைதான். இனியும் எடுக்க வேண்டியிருக்காது என்றுதான் நம்புகிறேன்.

அப்பாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் மன்னிப்பு என்ற சொல் பேனாவில் இறங்க மறுத்தது. நான்கு காகிதத்தைக் கிழித்தேன். ஐந்தாவதில் ஹாஸ்கல் வீட்டு முகப்பில் நடந்ததை மட்டும் எழுதினேன். ஜெசிந்தா வந்து எட்டிப் பார்த்து, தானும் ஏதாவது எழுதவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கடைசியில் இடம் விட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பென்சிலால், நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில் எழுதினாள்.

"தாத்தா, அடுத்த வருசம் வருவோம். நீங்க நின்ன மொடக்கக் காட்டனும்."